மேடை நடுங்கியபோது எழுந்த கோடு

நான் பேருந்து நடத்துநர். நின்றுகொண்டே பிழைப்பவன். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் தடத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டேன். எங்கள் வண்டியின் தரை ஆடுகிற ஆட்டத்தைத் திட்டாத பயணி கிடையாது. கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவர் காஞ்சிபுரத்தில் இறங்கும்போது தன் எலும்பெல்லாம் கூடவே இறங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார். அதனால், ஆடுகிற மேடையில் நிற்பது உடம்புக்கு நல்லது என்று ஒரு பெண் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்படியென்றால் எங்கள் டிப்போவில் ஒருத்தருக்கும் ஒரு நோவும் இருக்கக் கூடாதே என்று கேட்டேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. எதற்கும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

என் மனைவி நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சேற்றில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நாற்று நடும் பெண்களின் வரிசையில் இவள்தான் ஓரத்தில் நிற்பாள்; இவள் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் நகர வேண்டும். எங்கள் பேருந்து போகாத ஊர்களில் நடவு என்றால் பெண்களை லோடு ஆட்டோவில் நிற்கவைத்து ஏற்றிப் போவார்கள். ஒரு காலையில் ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்த ஆட்டோ சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவள் கரையில் அடுக்கியிருந்த கல்லின் மேல் முதுகு பட விழுந்தாள். செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து, முதுகுத்தண்டில் தகடு வைத்து, உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே எப்படி என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வீடு திரும்பினோம்.

வீட்டில் கட்டில், பிறகு ஒரு சக்கர நாற்காலி. கால் இரண்டும் இருந்தன. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. "இன்னாய்யா, உன் பஸ்ஸு எவ்ளோ தேவலாம். எனக்கு பாடி மட்டும்தான் கீது, சக்கரம் கயண்டுபோச்சு" என்பாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

அந்தப் பெண் பிசியோதெரபியில் மேல்படிப்பு படிக்கிறவள். அவள் படிக்கும் கல்லூரி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனை போகாத கூடம். அதன் ஒரு மூலையில் அவளுடைய ஆராய்ச்சி. ஆடும் மேடையின் மேல் ஏறி, முட்டியை மடக்கிப் பாதி குந்தி நிற்கும்போது தொடைத் தசை எவ்வளவு வேலை செய்கிறது, அதே குந்தல் ஆடாத தரையில் என்றால் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது. இதற்கு நல்ல கால் உள்ளவர்கள் வேண்டும். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், டிப்போ ஆட்கள் என்று தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். என் காலை எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துகொள், என் மனைவியின் காலுக்கு ஒரு வழி சொல் என்றேன். "என்னால முடிஞ்ச பயிற்சி எல்லாம் குடுக்கிறேண்ணா" என்றாள். முகத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து சவரம் செய்துகொள்கிறவன், தொடையில் சவரம் செய்துகொண்டது அன்றைக்குத்தான்.

முடி எடுத்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சின்னச் சின்ன வட்ட ஒட்டுகளை ஒட்டினாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது. தசை வேலை செய்யும்போது அதில் துளி மின்சாரம் ஓடுமாம். அதை ஒயர் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டுமாம். முதலில் தொடையை முழு பலத்தோடு இறுக்கச் சொன்னாள். பிறகு மேடை. மண்டியில் மூட்டை எடை போடும் தராசு மாதிரி இருந்தது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

"நாற்காலியில உக்கார்ற மாதிரி பாதி இறங்குங்கண்ணா. அங்கேயே நில்லுங்க."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, அந்தாளுக்குத் தோப்புக்கரணமே ஒழுங்கா வராது. புள்ளையாரு எத்தினி வாட்டி கோச்சிக்கினாரு தெரியுமா?" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேடையை ஓடவிட்டாள். பல் கிடுகிடுத்தது. கன்னச் சதை குலுங்கியது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். திரையில் என் கோடு தடித்துப்போய் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "பாப்பா, எனக்கும் ஒட்டிப் பாரேன்."

அந்தப் பெண் தயங்கினாள். தன் ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை என்றாள். மேலதிகாரி மாதிரி ஒரு பேராசிரியர் இருக்கிறார், அவரைக் கேட்க வேண்டும் என்றாள். கேட்டாள். அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களை நிறுத்திவைக்கும் கச்சை ஒன்று இருந்தது. அதில் பாதுகாப்பாகக் கட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தினால் தவறில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் என் மனைவிக்கு மார்பில் கச்சை கட்டி, மேலே சட்டத்தில் கொக்கி மாட்டி, முட்டிக்குப் பட்டை போட்டு, நானும் ஒரு உதவியாளரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, அந்த மேடையில் பாதி குந்திய நிலையில் நிறுத்தினோம். தொடையில் ஒட்டுகள். திரையில் கோடு. முழு பலத்தோடு இறுக்குங்க அக்கா என்றாள் அந்தப் பெண். என் மனைவியின் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது. கோடு அசையவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு மேடையை ஓடவிட்டார்கள். கோடு எழுந்தது.

ஏதோ லேசான துடிப்பு என்று நினைக்க வேண்டாம். நாற்றங்கால் முளைத்து நிற்பதுபோல அடர்த்தியாக, திரை முழுக்க எழுந்தது. அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, ஏதோ வருதுக்கா" என்றாள், குரல் உடைந்துபோய். என் மனைவி திரையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "அது நானா?" என்று கேட்டாள். "இருக்கலாம்கா. சார்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண். அவள் சரியாகத்தான் சொன்னாள். 'இருக்கலாம்' என்ற சொல் எங்கள் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறுகிற நிலையில் எங்களில் யார் இருந்தோம்?

மறுநாள் வண்டியில் யாரோ "வூட்டுக்காரம்மா எப்டி கீறாங்கோ?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள். சொன்னேன். பேருந்தில் சொன்ன விஷயம் பேருந்தைவிட வேகமாகப் போகும். நான் காஞ்சிபுரம் போய்த் திரும்பி வருவதற்குள், கண்டக்டர் சம்சாரத்துக்குக் கால் வந்துவிட்டது என்ற சேதி எங்கள் தெருவில் எனக்கு முன்னால் இறங்கியிருந்தது.

மாகறலில் இருக்கும் என் மாமியாருக்கும் அது போய்ச் சேர்ந்தது. எலும்பு நோவு, நரம்பு நோவு என்றால் எங்கள் பக்கத்தில் மாகறல் ஈஸ்வரனிடம்தான் போவார்கள். மகள் எழுந்து நடந்தால் வெள்ளியில் ஒரு ஜோடிப் பாதம் செய்து உண்டியலில் போடுவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். பாதம் ஏற்கெனவே வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் தயாராக இருந்தது. சேதி கேட்ட அன்றைக்கே குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு போய் அதை உண்டியலில் போட்டுவிட்டார். நடந்த பிறகுதானே வேண்டுதல் என்று நான் கேட்டதற்கு, "இன்னா மாப்ள இப்டி கேக்கற. சாமி வேலய ஆரம்பிச்சிட்டாரு, நாம காக்க வைக்கலாமா?" என்றார். அவர் பேச்சில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து மகளின் உள்ளங்காலில் விபூதி பூசினார். பூசினது மகளுக்குத் தெரியாது, பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதன் பிறகு என் ஓய்வு நாளெல்லாம் அந்தக் கூடத்தில்தான். ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, கச்சை கட்டி, நிறுத்தி. ஒவ்வொரு முறையும் மேடை நடுங்கும், கோடு எழும். அந்தப் பெண் அதைப் பத்திரப்படுத்திக்கொள்வாள். பேராசிரியர் வெளியூர் போயிருந்தார், வந்ததும் காட்டுகிறேன் என்பாள்.

வீட்டில் வேறொன்று நடந்தது. என் மனைவிக்குத் தொடை வலிக்க ஆரம்பித்தது. "பாவி மெஷினு, காலெல்லாம் கடுக்குதுய்யா" என்று முனகினாள். முனகலில் அத்தனை பெருமை. பார்க்க வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். முதல் நாள் நடவுக்குப் போய்விட்டு மறுநாள் வலிக்குமே, அதே மாதிரி கடுக்குதுடி என்றாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். "அங்க இல்ல, கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்" என்று இடம் சொன்னாள். அவள் சொன்ன இடத்தில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அவள் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலங்கள் உண்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் அந்தப் பெண் போன் செய்தாள். "அண்ணா, அக்காவைக் கூட்டிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."

டூட்டி முடிந்து யூனிபாரத்தோடு போனேன். கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். ஆடும் மேடையின் மேல் ஒரு பூசணிக்காய் இருந்தது. நல்ல மஞ்சள் பூசணி, சந்தையில் வாங்கியது. அது உருளாமல் இருக்க என் மனைவிக்குப் போடும் முட்டிப் பட்டையையே அதற்குச் சுற்றியிருந்தாள். பூசணிக்காயின் தோலில் அதே வட்ட ஒட்டுகள், அதே ஒயர்கள். யாருக்காவது திருஷ்டி கழிக்கப் போகிறாளா என்றுதான் முதலில் நினைத்தேன். கிண்டலாக வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"சார் நேத்து வந்துட்டாரு. அக்காவோட கோட்டைக் காட்டினேன். உயிர் இல்லாத ஒண்ணுல ஒட்டி, மேடையில வெச்சுப் பாருன்னாரு" என்றாள். மேடையை ஓடவிட்டாள்.

பூசணிக்காய்க்குக் கோடு எழுந்தது. அதே அடர்த்தி, அதே நாற்றங்கால்.

அவள் விளக்கினாள். மேடை நடுங்கும்போது ஒயரும் நடுங்குகிறது, ஒட்டும் நடுங்குகிறது. அந்த நடுக்கமே கோடாகிவிடுகிறது. மேடை ஆடும் வேகத்தில் வருவதை மட்டும் கம்ப்யூட்டரில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டுமாம். "நல்ல காலுன்னா கழிச்சதுக்கு அப்புறமும் நிறைய இருக்கும்ணா. உங்களோடதுல இருக்கு." அதற்கு மேல் சொல்ல அவளால் முடியவில்லை. திரையில் என் மனைவியின் கோட்டைப் போட்டு, கழித்துக் காட்டினாள். அறுவடை முடிந்த கழனி மாதிரிகூட இல்லை. அதிலாவது தாள் மிஞ்சியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. தெரியாத பிள்ளையிடம் மெஷினைக் கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று கத்தினேன். அவள் மறுத்துப் பேசவில்லை. நின்றபடியே அழுதாள். அழுகிற பெண்ணை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? நானும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சாப்பாட்டுக் கூடத்தில், காக்கிச் சட்டையோடு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஒரு பூசணிக்காய்க்கு எதிரில். எழுந்து கிளம்பும்போது, அந்தக் காயைச் சமைக்காதே, எங்கேயாவது போட்டுவிடு என்று மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். நாளை என்று தள்ளினால் நாளையும் தைலம் தேய்க்க வேண்டிவரும்; என்னால் முடியாது. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒயர் ஆடியதைச் சொன்னேன், கழித்துப் பார்த்ததைச் சொன்னேன். பூசணிக்காயைச் சொல்லவில்லை. அது என்னோடு போகட்டும்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் கேட்டு முடித்தபிறகு, "அப்போ எனக்கு வலிச்சிதே, அது இன்னாது?" என்றாள்.

நான் தைலப் புட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"நெஜமா வலிச்சிதுய்யா. நீ தேச்சியே, அந்த எடத்துல. கடுத்துக்கினே இருந்துச்சு. நான் பொய் சொல்லல."

"நீ பொய் சொல்றவளா இன்னா" என்றேன்.

"வலி கூட எனுது இல்லன்ற" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புரண்டு படுக்க அவளால் முடியாது. முகத்தைத் திருப்ப மட்டும்தான் முடியும். நான் தோளைத் தொட்டேன். தள்ளிவிடவில்லை. அழுத சத்தமும் வரவில்லை.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கவலை வேறாக இருந்தது. உண்டியலில் போட்டதைத் திரும்பக் கேட்க முடியாது. நடக்காத காரியத்துக்கு நடந்துவிட்டது என்று சாமிக்குச் சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு போய் மறுபடியும் நடக்க வை என்று கேட்பது? அதற்குமேல் வேறொன்று வேண்டிக்கொள்ளவும் வழி தெரியவில்லை அவருக்கு. மகளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "நான் அவசரப்பட்டுட்டேனே, நான் அவசரப்பட்டுட்டேனே" என்று புலம்பினார். கடைசியில் என் மனைவிதான் சமாதானம் சொன்னாள். "வுடும்மா. சாமிக்குத் தெரியாதா? அவுரு ஒண்ணும் கோட்ட பாத்து ஏமாறல" என்றாள்.

அதன்பின் அவள் அந்தக் கூடத்துக்கு வரவில்லை. கூப்பிட்டேன், கெஞ்சினேன், ஒருநாள் சத்தம்கூடப் போட்டேன். நிற்கிற பயிற்சி எலும்புக்கு நல்லது, புண் வராமல் இருக்கும் என்று அந்தப் பெண்ணும் வந்து சொன்னாள். "நீ வூட்டுக்கே வந்து காலை மடக்கி நீட்டிட்டுப் போ பாப்பா. அந்த மெஷினு வோணாம். அது என்னப் பாத்து சிரிச்சிது" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் வந்தாள். படிப்பு முடியும் வரைக்கும் வந்தாள். ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது என்று சொன்னாள். அதில் என் கால் இருக்கிறது. என் மனைவியின் கால் இல்லை.

கிண்டல் திரும்ப வரக் கொஞ்ச காலம் ஆனது. வந்தது. ஆனால் தன் காலைப் பற்றி மட்டும் அவள் கிண்டல் செய்வதில்லை. பஸ்ஸு, பாடி, சக்கரம் எல்லாம் போயிற்று. அந்தக் கிண்டலுக்காக நான் இப்போது ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்து, அவள் தட்டை எடுத்துக்கொண்டு போகத் திரும்பினேன். "தட்ட கீய வெச்சிட்டு இங்க வா" என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

"அந்த ஆட்டத்தக் கயிச்சப்புறமும் உன் காலுல இருந்துச்சின்னு சொன்னியே. அத்த எனக்குக் காட்டு."

"அது அந்தப் பொண்ணோட கம்ப்யூட்டர்ல கீதுமே."

"கோடு யாருக்கு வோணும்? காலக் காட்டு."

கட்டிலை ஒட்டி என்னை நிற்கவைத்தாள். லுங்கியை மடித்துக் கட்டச் சொன்னாள். கையை நீட்டி என் தொடையில் உள்ளங்கையை வைத்தாள். நடவை விட்டுப் பல காலம் ஆகியும் சொரசொரப்புப் போகாத கை. "குந்து" என்றாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கினேன். அவள் கைக்கடியில் தசை இறுகியது. எனக்கே தெரிந்தது.

"தோ, வர்து" என்றாள் மெதுவாக. "எறங்கசொல்லோ கெட்டியாவுது. ஏறு. ஆங், வுட்டுடுச்சு. எறங்கு."

இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். என் கண்ணிலிருந்து சொட்டியது அவள் கை மேல் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னொரு கையை எடுத்துத் தன் தொடையின் மேல், அதே இடத்தில், அதே மாதிரி விரித்து வைத்துக்கொண்டாள். "எறங்கு" என்றாள். இறங்கினேன். அப்படியே நிற்கச் சொன்னாள். நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கால் நடுங்க ஆரம்பித்தது. எழுந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

இரண்டு கையையும் எடுக்காமல், "இருய்யா, இன்னும் கொஞ்சம் இரு" என்றாள்.